எரிந்த சிப்புகளும் குணாளன் மீது நான் கொடுத்த புகாரும்

பெயர் சாருமதி, தந்தை பெயர் சபாபதி, வயது 39, முகவரி சிம்பாங் ரெங்கம், தாமான் செம்பாக்கா. வீட்டு வாசல் கேட்டைத் தானாகத் திறந்து மூடும் ஆட்டோகேட் மோட்டாருக்கு மின்சுற்று போர்டு செய்யும் தொழிற்சாலையில் பதினொரு வருடமாகச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். குணாளன் மீது திங்கட்கிழமை நான் கொடுத்த புகார் பற்றி, யாரும் வற்புறுத்தாமல் இன்று வியாழக்கிழமை நானே போலீஸ் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

குணாளன் சிங்கப்பூர் வேலையை விட்டு மார்ச்சில் எங்களிடம் சேர்ந்தார். வந்த வாரமே மோட்டாரை ஓட்டும் புரோகிராமை மாற்றினார். அதன் பிறகு மோட்டாரை இயக்கும் சிப் எரிய ஆரம்பித்தது, மூன்று வாரத்தில் பதினான்கு. அதன் பிறகு நான் அவரைக் கவனித்தேன். மதியம் எல்லாரும் கேண்டீன் போனால் அவர் மட்டும் என் மேசையருகே நிற்பார். எரிந்த போர்டுகளைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனதை இரண்டு முறை போனில் படம் எடுத்தேன். உடன் வேலை செய்யும் லோஷினியிடம், "இவன் வேற கம்பெனிக்குத்தான் வேலை பாக்குறான் லா, பாத்துக்கிட்டே இரு" என்றேன். ஆள் பார்க்கப் பரம சாது, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அதன் பிறகு, வேண்டுமென்றே போர்டைக் கெடுக்கிறார் என்று புகார் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை வேலையிடத்திலேயே அவருக்குக் கைவிலங்கு மாட்டினார்கள். கையிலிருந்த டெஸ்டரை என்னிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

அவர் இல்லாத புதன்கிழமையும் இரண்டு சிப் எரிந்தன. அதன் பிறகு வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் வைத்து நான் அளந்தேன். மோட்டார் வேகத்தைக் குறைக்க மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டுக் கொடுப்போம், அதற்கு பி.டபிள்யூ.எம். என்று பெயர். பழைய முறையில் நிறுத்தும் கணத்தில் மின்சாரம் சிப்புக்கும் மோட்டாருக்கும் இடையிலேயே சுற்றி அடங்கும். குணாளன் முறையில் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். இரண்டும் சரியான முறைதான். ஆனால் எங்கள் சோதனை மேசையின் பேட்டரி வயரில், கறுப்பு உறைக்குள், ஒரு டயோடு இருக்கிறது. அது மின்சாரத்தைப் போக விடும், திரும்ப விடாது. வழியில்லாமல் 24 வோல்ட் 57 வரை ஏறியது. சிப் தாங்குவது 45.

அந்த டயோடை பிப்ரவரியில் வைத்தது நான். பேட்டரியை யாராவது பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் போர்டு கெடக்கூடாது என்று வைத்தேன். மாற்றத்தைப் பதிவு செய்யும் பாரத்தை நிரப்பவில்லை. எங்கள் பிரிவில் முதலில் வைப்போம், அப்புறம் எழுதுவோம், பல சமயம் எழுதவே மாட்டோம்.

டயோடு எப்போது நினைவுக்கு வந்தது என்று அதிகாரி கேட்டார். புகாருக்கு மூன்று நாள் முன்பு குணாளன் என்னிடம் வந்து, "அக்கா, வயர்ல எதாச்சும் மாத்துனீங்களா? அதே போர்டுல புது சிப் போட்டு வீட்ல ஓட்டுனா ஒண்ணுகூட எரியல" என்று கேட்டார். நேற்று வந்தவன் என்னைக் கேள்வி கேட்கிறானே என்று கோபம் வந்தது, பயமும் வந்தது. இல்லை என்று சொன்னேன். டயோடு அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் புகார் கொடுத்தேன்.

நான் தமிழில் சொல்ல மலாயில் எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். சொன்னது அத்தனையும் உண்மை, திருத்த ஒன்றும் இல்லை.

ஒப்பம்: சாருமதி