மிளகு மூட்டைக்கு டெங்கு

“ஹலோ… ஹலோ, சாரே, கேக்குதா?… நான்தான், செல்வலட்சுமி… ஆமா, மட்டாஞ்சேரியிலேருந்துதான், பின்னே எங்கேருந்து?… ஆமா, ஆமா, அஞ்சு நிமிஷம் மதி, அது போதும்… பின்னாடி யாரு சிரிக்கறது?… ஓ. அம்பிளியா.”

அந்தப் பேரைச் சொல்லும்போதே செல்வலட்சுமிக்கு வாய் கசந்தது. கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில், பழைய யூதர் தெருவில், ஒரு மிளகுக் கிடங்குக்கு மேலே, மாடியில், காய்ச்சல் பதிவு அறையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் காலி நாற்காலி. போன வருஷம்வரை அது சங்கர்ராம் சாருடைய நாற்காலி. இரண்டு பேருமாகத்தான் மூன்று வருஷம் சந்து சந்தாக அலைந்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மட்டாஞ்சேரி முழுக்க வீடு வீடாக வரைந்தார்கள். பிறகு அவருக்கு எர்ணாகுளத்தில் பெரிய ஆபீஸ் கிடைத்தது. அங்கே உதவிக்கு அம்பிளியும் கிடைத்தாள்.

“சாயா கொண்டுவந்தாளா?… குடிங்க, குடிங்க. ஆறிடப் போகுது… நான் எதுக்குக் கோவிக்கறேன்? எனக்கென்ன… இல்ல சாரே, நாளைக்கு மீட்டிங் பத்திதான்… ஆமா, பத்து மணி, தெரியும்…”

நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு முடிவு எடுக்கப்போகிறார்கள். நகரம் முழுவதற்கும் காய்ச்சல் வரைபடம் எந்த மென்பொருளில் ஓடும் என்பது. ஒரு பக்கம் செல்வலட்சுமியின் க்யூஜிஐஎஸ். வீடு வீடாகப் போகும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் கொடுக்கும் காய்ச்சல் சீட்டைப் பார்த்து, அவள் கையாலேயே ஒவ்வொரு வீட்டிலும் புள்ளி வைப்பாள். இன்னொரு பக்கம் அம்பிளி கொண்டுவந்த புதுசு. ஆஷா பணியாளர் போனில் ஒரு படிவத்தை நிரப்பி அமுக்கினால் போதும், ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி புள்ளி தானாக விழும். செல்வலட்சுமி இனி எதற்கு என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

“ரெண்டும் காசில்லாத ஓப்பன் சோர்ஸ்தான், தெரியும் சாரே. நான் அதைச் சொல்லலை… நெட் போனா அவ மேப் போச்சு. மழைக்காலத்துல இங்க நெட் நிக்குமா? சொல்லுங்க… ஆமா, ஆமா, போன்ல சேத்து வச்சு அப்புறமா ஏத்தும், அதையும் அவதான் சொன்னாளா?… நல்லாத் தமிழும் பேசறா, கேட்டேன். கோயம்புத்தூர்ல படிச்சவ. என் தமிழ்ல பாதி மலையாளம், அதுக்கு நான் என்ன பண்ண?… இல்ல, சும்மா சொன்னேன்.”

சும்மா ஒன்றும் இல்லை. சார் முன்னெல்லாம் “செல்வலட்சுமி, இந்தச் சந்து எங்க முடியுது?” என்று தினம் நாலு தரம் கேட்பார். இப்போது வாரத்துக்கு ஒரு தரம்கூடக் கேட்பதில்லை. இரண்டு வாரத்துக்கு முன் புதுப் படிவத்துக்குப் பயிற்சி வைத்தார்கள். அன்றைக்குத் தலைவலி என்று லீவு சொல்லிவிட்டாள். தலைவலியெல்லாம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

“சாரே, ஒரு விஷயம். கோவிக்காதீங்க. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு வச்சிருந்தேன், மனசு கேக்கலை… அவ மேப்பைத் திறங்க. நான் சொல்றது ஜூ டவுன்… திறந்தாச்சா? கிடங்குச் சந்துல பாருங்க, சிவப்பா. எத்தனை?… பத்தொன்பது. ஆமா. பத்தொன்பது டெங்கு… நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மருந்தடிக்க ஆளு வருதா? எங்க? இங்கயா?… சாரே, இந்தச் சந்துல யாரு குடியிருக்கா? மூணு வருஷம் எங்கூட நடந்தீங்களே. ராத்திரி ஆனா ஒரு மனுஷன் கிடையாது. மிளகு மூட்டைதான் இருக்கு. மூட்டைக்கா டெங்கு வந்தது?”

சொல்லி முடித்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். இரண்டு நாளாக நெஞ்சுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்த பேச்சு. நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோனது கேட்டது. அது அவளுக்கு வெல்லப்பாகு.

“ஆமா… ஆமா… அவளையே கேளுங்க… என்ன சொல்றா?… ம்ம்… புள்ளி எங்க விழும்னு?… அட்ரஸ் அடிக்கறோமே, அதைப் பாத்து விழாதா?… இல்லையா?… அமுக்கும்போது போன் எங்க இருக்கோ அங்கயா?… அதான் வாசல்ல நின்னு அமுக்கச் சொன்னதா. எப்ப சொன்னா?… பயிற்சியிலயா. ம்ம். யாரோ ஒரே இடத்துல உக்காந்து அமுக்கியிருக்காங்க, சரி… எந்த நாள்னு காட்டுதா?… செவ்வாய்க்கிழமை… நாலு மணிக்கு மேல… எல்லாமேவா…”

செவ்வாய்க்கிழமை. செல்வலட்சுமி மெதுவாக மேஜை இழுப்பறையைத் திறந்தாள். பக்கத்து ஏரியாவான சுள்ளிக்கல்லின் ஆஷா பணியாளர் ரோஜாவுக்குத் திங்கட்கிழமையே காய்ச்சல். படுத்துவிட்டாள். எழுதி வைத்திருந்த சீட்டுகளைப் புருஷனிடம் கொடுத்தனுப்பினாள், நீங்களே ஏத்திடுங்க அக்கா என்று. இந்த மாதம் எல்லாம் புதுப் படிவத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. முணுமுணுத்துக்கொண்டே, இதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் போனில் ஒவ்வொன்றாக அமுக்கி முடித்தாள். முடித்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு சீட்டிலும் பச்சை மையில் ஒரு கோடு.

ஒரு தரம் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பத்தொன்பது.

“ஹாங்… இருக்கேன் சாரே, இருக்கேன்… இல்ல, இங்க மிளகு நெடி, தும்மல்… யாரு ஏத்தினதுன்னு தெரியலையா?… ஓ, எல்லாருக்கும் ஒரே லாகின்… அப்ப தெரியாது… ஆமா.”

தெரியாது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு செல்வலட்சுமி சீட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தப்பு புது மென்பொருளின் தலையில் ஏறிக்கொண்டிருந்தது. அம்பிளியின் குரல் தூரத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது, கொஞ்சம் உடைந்தும் இருந்தது. உடையட்டுமே என்று இருந்தது அவளுக்கு.

“என்ன சாரே?… நாளைக்கு நம்மளோடதையே வச்சுக்கலாமா?… நிஜமாவா?… நான் வந்து பேசணுமா? வர்றேன்… வர்றேன் சாரே… ஆமா, பத்து மணிக்கு…”

மூன்று வருஷத்தில் இவ்வளவு இனிப்பாக யாரும் அவளிடம் பேசியதில்லை. நாளைக்கு எந்தப் புடவை என்பதுவரை மனசு போய்விட்டது. கை மட்டும் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. கடைசிச் சீட்டில் எழுத்து கோணலாக இருந்தது. பெயர்: ரோஜா. வயசு முப்பத்தொன்று. காய்ச்சலோடு உட்கார்ந்து தன்னையும் ஒரு கணக்காக எழுதிக் கொடுத்திருந்தாள்.

“அப்ப அந்தப் பத்தொன்பதை என்ன பண்ணப்போறீங்க?… அழிக்கறீங்களா?… மருந்தடிக்க வர்றதையும் நிறுத்தியாச்சா… அப்ப அந்த ஆளுங்க எங்கயும் போக மாட்டாங்களா… இல்ல… சாரே, இருங்க… இருங்கன்னு சொல்றேன். அழிக்காதீங்க. அந்தப் பத்தொன்பதும் நிஜம். சுள்ளிக்கல்… ஆமா, சுள்ளிக்கல். ரோஜா ஏரியா… எப்படித் தெரியும்னா… நான்தான் அமுக்கினேன். இந்த மேஜைல உக்காந்து… ஆமா… ஆமா, நான்தான். பயிற்சிக்கு வரலை. தலைவலின்னு சொன்னது பொய்… அவ மேப் சரியாத்தான் வச்சிருக்கு. நான் இருந்த இடத்துல வச்சிருக்கு.”

செல்வலட்சுமிக்குக் கண் கரித்தது. மிளகால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம் சாரே. போனை அவகிட்டக் கொடுங்க… கொடுங்க… அம்பிளியா? அழாதே. அழறதுக்கு இப்ப நேரமில்லை, ஆறு மணிக்கு ஆளு கிளம்பணும்… சேச்சின்னெல்லாம் கூப்பிடாதே. அந்தப் புள்ளியைக் கையால நகர்த்த முடியுமா?… முடியுமா? அதையும் வச்சிருக்கியா… சரி. பேரு வேண்டாம், வீடு மட்டும் சொல்றேன். அட்ரஸைப் பாத்தா உனக்குக் கிடைக்காது. தையல்கடை தெரியுதா?… அதுக்குப் பின்னாடி மூணாவது வீடு, வை… இன்னும் கொஞ்சம் கிழக்கால… ஆமா. அடுத்தது, மூடின கிணறுகிட்ட மாடி வீடு…”

தன் திரையிலும் அந்த வரைபடத்தைத் திறந்து வைத்தாள். கிடங்குச் சந்திலிருந்து சிவப்பு ஒவ்வொன்றாக எழுந்து சுள்ளிக்கல்லில் போய் இறங்கியது. எட்டு, ஒன்பது வந்ததும் எல்லாம் ஒரே வாய்க்காலை ஒட்டி வரிசையாக நிற்பது தெரிந்தது. க்யூஜிஐஎஸ்ஸில் இதைப் பார்க்க அவளுக்கு நாலு நாள் ஆகியிருக்கும். அழகாக இருந்தது. அதுதான் ஆத்திரமாகவும் இருந்தது.

“ஆமா, அந்த வாய்க்கால்தான்… பாத்துட்டியா? சமத்து… பதினேழு… பதினெட்டு, நீல கேட். வச்சாச்சா?… பத்தொன்பது, அதை நீ வைக்காதே. அது ரோஜா வீடு. இப்ப நான் அங்கதான் போறேன், அவ எப்படி இருக்கான்னு பாக்கணும். வாசல்ல நின்னு நானே அமுக்கறேன்… மறுபடியும் முதல்லேருந்து சொல்லு, எந்த பட்டன்… மெதுவா… ம்ம்… ஆமா… ஆமா… புரிஞ்சுது. நாளைக்கு மீட்டிங்ல நீயே காட்டு. தப்பு யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லு. நகர்த்தினது யாருன்னு கேட்டாலும் என் பேரையே சொல்லு. ரெண்டையும் சொல்லணும், ஒண்ணை விட்டா விட மாட்டேன்… சரி… சரி, வை… இரு, வைக்காதே. சார் அந்தச் சாயாவைக் குடிச்சாரா?… குடிக்கலையா? ஆறிப்போச்சா?… ம்ம். ஆறட்டும். வை.”