பல்லில் படிந்தது

— பொய்யின்னு சொல்லாத டாக்டரம்மா. நான் வாயே தொறக்கல.

— அதுதான் பாய் பிரச்சினை. வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லியிருக்கலாம். உங்களைப் பார்த்துத்தான் கேட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே வீடா, ஒரே சமையலான்னு.

— நீ என்னிய பாத்து கேட்டே. பியாரி தலைய ஆட்டினா. நான் இன்னா பண்றது? ஆஸ்பத்திரில அத்தினி பேர் முன்னாடி கட்டின பொண்டாட்டிய பொய்க்காரி ஆக்கறதா?

— உங்க பூந்தமல்லி வீட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். பக்கத்து வீட்டம்மா சிரிக்கிறாங்க. கையூம் பாயா, அவர் இந்த வீட்டை விட்டுப் போயி ஒம்பது வருஷம் ஆச்சே, நசரத்பேட்டையில ஹைவே ஓரமா லாரிக்குத் தார்ப்பாய் தைக்கறாரு, கடையிலயே படுத்துக்கறாருன்னாங்க.

— பியாரி மவுத்தானதும் அவங்க சொல்லித்தான் தெரியுமா?

— ஆமா பாய். அவங்க இறந்துட்டாங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. மன்னிச்சுக்குங்க.

— நாலு மாசம் ஆச்சி. குந்து. அந்த ஸ்டூல்ல இல்ல, அதுக்குக் கால் ஆடும். தார்ப்பாய் மேலயே குந்து. நான் தச்சிகினே பேசறேன். சாயந்தரம் லாரி வந்துரும்.

— இந்தச் சத்தத்துல எப்படித் தூங்கறீங்க?

— லாரி சத்தத்துலயா? அது நின்னாத்தான் முழிப்பு வரும்.

— பாய், அவங்க சாம்பிளை நான் எடுத்துடணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

— எட்துடணும்னா?

— ஆராய்ச்சியில இருந்து நீக்கிடணும். அவங்களுது, உங்களுது, ரெண்டையும்.

— அவ போய்ட்டான்னா?

— அதுக்கில்ல. ஒரே வீடு இல்லைன்னா கணக்கு நிக்காது.

— இன்னா கணக்கு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அன்னிக்கி புரோட்டீன் புரோட்டீன்னே. எனக்குத் தெரிஞ்ச புரோட்டீன் முட்டை. அப்பறம் ஜிம்முக்குப் போற பசங்க டப்பால வாங்கி கலக்கிக் குடிக்கறானுங்களே, அது.

— முட்டையும் புரோட்டீன்தான். ஆனா உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் வேலை பார்க்கறதே புரோட்டீன்தான் பாய். செல்லை ஒரு பட்டறைன்னு வெச்சுக்குங்க.

— வெச்சிகினேன்.

— யார் யார் அங்க வேலைக்கு வரலாம்னு பொறக்கறப்பவே முடிவாயிடும். ஆனா இன்னிக்கு எவன் வந்தான், எவன் வரல, வந்தவன் எவனோட சேர்ந்துக்கிட்டான்னு உள்ள போய்ப் பார்த்தாத்தான் தெரியும். அதைத்தான் நாங்க பார்க்கறோம்.

— நம்ம கடைல அது ஈஸி. எவனும் வர்ல. எங்கூட தைக்கற வேம்புலி நேத்து சம்பளம் வாங்கினான். நாளைக்குத்தான் கண்ணு தொறப்பான்.

— கேன்சர் வந்த வாயில ஆளுங்க மாறிடுவாங்க பாய். வேலை செய்ய வேண்டியவன் தூங்கிடுவான். வரக்கூடாதவன் வந்து உக்காந்துப்பான். அவன் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா, அடுத்து வர்றவங்களையாவது வாய் பூட்டிக்கறதுக்கு முன்னாடி பிடிச்சுடலாம்.

— பியாரிக்குப் பூட்டிகிச்சி. ரெண்டு வெரலு உள்ள போவாது.

— தெரியும். பல் டாக்டர் காரையைச் சொரண்டினப்ப என் கையைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க.

— என் கைய புடிக்கல.

— நீங்க கதவுகிட்ட நின்னீங்க.

— ம். பல்லுல கீற காரை ஊத்தை தானே? அதுல இன்னாத்த கண்டுபுடிப்பே?

— அது கல்லு மாதிரி இறுகிடும் பாய். வாயில இருக்கற கிருமி, உடம்பு அதோட போட்ட சண்டை, சாப்பிட்ட சோறு, எல்லாத்துலயும் கொஞ்சம் அதுக்குள்ள மாட்டிக்கும். நாங்க கரைச்சு, துண்டு துண்டா வெட்டி மெஷின்ல விடுவோம். அது ஒவ்வொரு துண்டையும் எடை போட்டு, இது இன்னாருதுன்னு சொல்லிடும்.

— சரி. என்னுத எதுக்கு சொரண்டினே? எனக்குத்தான் நோவு இல்லியே.

— நோய் இல்லாததுனாலதான். ஒரே அடுப்புல சாப்பிடற ரெண்டு பேர். சோத்தால வர்றது ரெண்டு பேர் வாயிலயும் ஒண்ணா இருக்கும். உங்களுதை வெச்சு அவங்களுதுல இருந்து அதைக் கழிச்சுட்டா, மிச்சம் நிக்கறது நோய். வேற வேற சமையல்னா எதைக் கழிக்கறது? சோறு எது, நோய் எதுன்னு பிரிக்க முடியாது.

— அப்ப தூக்கிப் போட்டுடுவே.

— ஆஸ்பத்திரிக் கழிவோட போயிடும். எரிச்சுடுவாங்க.

— எரிப்பாங்களா?

— ரூல் அது பாய்.

— இன்னாமா சொல்றே? எங்க ஆளுங்கள எரிக்க மாட்டோம்மா.

— தெரியும்.

— தெரிஞ்சிகினே சொல்றே. எங்கிட்ட குடுத்துடு. கபர்ஸ்தான்ல அவ கால்மாட்ல பள்ளம் தோண்டி வெச்சிர்றேன்.

— வெளிய குடுக்கக் கூடாது. நான் கேட்டுப் பார்த்துட்டேன்.

— நல்லா கேட்டியா?

— நல்லாத்தான் கேட்டேன்.

— தோ பாரும்மா. ஊட்ட வாடகைக்கு வுட்டாச்சி. ஆட்ட வித்தாச்சி. பொடவையெல்லாம் எங்க ஷம்ஷாத் அக்கா யார் யாருக்கோ குடுத்துட்ச்சி. அவளுதுன்னு மண்ணுக்கு மேல கீறது உன் பொட்டில கீற அந்த ஊத்தை தான். அத்த போய் நெருப்புல போடுவேன்றே. ஆராய்ச்சிலியே வெச்சிக்கோயேன். எடம் இன்னா, கட்டில் போட்டா படுத்துகினு கீறா?

— ஆராய்ச்சியில இருந்தா ஃப்ரீசர்ல பல வருஷம் பத்திரமா இருக்கும். எனக்கும் வெச்சுக்கத்தான் ஆசை. ஆனா பொய்க் கணக்கு போட முடியாது பாய். நாளைக்கு இதை நம்பி ஒரு டாக்டர் இன்னொருத்தர் வாயைப் பார்ப்பாரு.

— ம். அதுவும் ஞாயந்தான்.

— ஒரே ஒரு வழி இருக்கு. வீடு வேறயா இருந்தாலும் சமையல் ஒண்ணுன்னா போதும். அவங்க ஆக்கி உங்களுக்கு அனுப்பியிருந்தா...

— அவ கை சோறா?

— ஆமா.

— தொட மாட்டேன். அல்லா மேல சத்தியம் பண்ணவன் நான்.

— என்னன்னு?

— எங்க பொண்ணு மெஹக். ஒரு பையன புட்சிப்போய் சொல்லாம கொள்ளாம பெங்களூர் போய்ட்ச்சி. சொல்லாமன்னா எனக்குத்தான் சொல்லாம. பஸ் ஏத்தி வுட்டதே பியாரி. தெரிஞ்ச அன்னிக்கி தட்ட தள்ளிட்டு எழுந்தேன். இனிமே உன் கையால ஒரு வாய் சோறு தின்ன மாட்டேன், அல்லா மேல சத்தியம்னேன். தெருவே கேட்டுது.

— கோவத்துல சொன்னது.

— சொன்னது சொன்னதும்மா. எதுலயும் நிக்காத ஆளு நான். பீடிய வுட்டேன், திரும்ப புட்சேன். சீட்டு சேந்தேன், பாதில வுட்டேன். இதுல ஒண்ணுலதான் நின்னேன். பெருமைக்குச் சொல்லல. சொல்லிக்க வேற இல்ல.

— அவங்க திரும்பி வாங்கன்னு கேக்கலயா?

— கேட்டா போயிருப்பேன். நான் போயிருந்தா அவ கேட்டிருப்பா. அப்டியே போய்ட்ச்சி.

— ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே, உடம்பு முடியாம இருந்தப்ப வீட்டுக்குப் போய்ப் பார்க்கலயா?

— ஒரு தபா போனேன். வாசப்படில நின்னேன். அவ அடுப்பாண்ட நின்னுகினு இருந்தா. பேச்சு வராது அப்ப. கைய வாய்க்குக் கொண்டு போய், சாப்டியான்னு கேட்டா. எங்க அக்கா வயிறு ரொம்பப் போடுது, எனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லன்னேன். வாய் ஒரு பக்கம் இழுத்துது. சிரிச்சாளா, வலியான்னு தெரில. திரும்பி அடுப்ப பாத்துகினா. வந்துட்டேன்.

— அப்ப உங்களுக்குச் சோறு அக்கா வீட்டுல இருந்துதான்.

— ஆமா. அக்கா ஊடும் பியாரி ஊடு கீற அதே தெரு. அக்கா மருமவன் அஸ்கர் வேலைக்குப் போற வழில கேரியர குடுத்துட்டுப் போவான். ராத்திரிக்கு கஞ்சி எட்துகினு இன்னொரு தபா வருவான். உனக்கு யாரு ஆக்கறா?

— யாருமில்ல. ஆவடியில தனியா ரூம் எடுத்திருக்கேன். மெஸ் சாப்பாடு. பாதி நாள் லேப் வாசல்ல நின்னுக்கிட்டே சாப்பிடுவேன்.

— உள்ள குந்தி தின்னா இன்னா?

— மெஷினுக்கு ஆகாது பாய். என் தலைமுடி, என் தோல் தூசி பட்டாக்கூட ரிசல்ட்டுல காட்டிக் குடுத்துடும். கிட்டப் போறதுன்னாலே கவர் போட்டுக்கிட்டுத்தான் போகணும்.

— நல்ல கூட்டாளி. அதாண்ட பேசிகினு காலத்த ஓட்டறியா நீயி.

— ஓட்டறேன். பாய், ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— இத்தனை ஜோடியில உங்க ஜோடிக்கு மட்டும் ஒரு புரோட்டீன் வந்திருக்கு. ரெண்டு பேர் பல்லுலயும். வேற யாருக்கும் இல்ல. அதனாலதான் அவங்க தலையாட்டினதை நான் சந்தேகமே படல.

— இன்னாது அது?

— ஆட்டுப்பால்.

— ஆட்டுப்பாலா? சீ. அந்த நாத்தமே எனக்கு ஆவாது. ஆட்டுக்கறி தின்னுருப்பேன், அதுவா இருக்கும்.

— கறி வேற, பால் வேற. மாட்டுப்பாலையும் ஆட்டுப்பாலையும் கூட அது பிரிச்சுச் சொல்லிடும். உங்களுது ஆடுதான். ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

— உன் மெஷினுக்கு கண்ணு அவிஞ்சிப் போச்சி. நான் டீ குடிக்கறது சென்னீர்குப்பம் டீக்கடைல. பாக்கெட் பாலு.

— அக்கா வீட்டுல ஆடு இருக்கா?

— அக்காவா? அது ஆட்ட கண்டாலே கல்லெடுக்கும். பியாரி ஆடு முருங்கைய மேஞ்சிட்ச்சின்னு தெருவுல நின்னு கத்தும்.

— ஆடு பியாரிஜான் அம்மாவோடதா?

— அவளுது தான். ரெண்டு. அவளுக்கு அதுங்க தான் துணை.

— நீங்க பால் ஊத்தி என்ன சாப்பிடுவீங்க?

— ராத்திரி கஞ்சி. எனக்கு வவுத்துல புண்ணு கீது. பால ஊத்தி, பூண்ட தட்டிப் போட்டு அக்கா காச்சி அனுப்பும். டப்பாவ தொறக்கறதுக்கு முன்னாடியே பூண்டு மூக்க தொளைக்கும். வேற எந்த வாசமும் தெரியாது.

— இப்பவும் வருதா, அந்தக் கஞ்சி?

— இல்ல. அக்காவுக்கு முட்டி வலி. ராத்திரில நிக்க முடியலியாம். அஸ்கர் சொன்னான்.

— எப்ப நின்னுது பாய்?

— அதான் சொன்னேனே, முட்டி வலி.

— எப்பலேர்ந்து?

— பியாரி மவுத்தாச்சில்ல. அதுக்கு அப்பறம்.

— பாய்.

— இரும்மா.

— ஊசியைக் கீழ வைங்க. கையில குத்திக்கப் போறீங்க.

— கஞ்சிய அவ காச்சினான்னா போதுமா? உன் கணக்குக்கு?

— போதாது பாய். உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ராத்திரிக் கஞ்சி மட்டும் ஒண்ணுன்னா அது ஒரே சமையல் இல்ல. பகல் சோறு வேற கையின்னா எடுத்துத்தான் ஆகணும்.

— எரிச்சிடுவாங்க.

— ஆமா.

— அந்த போன எடு. அக்கான்னு கீதே, அத்த அமுக்கு. ஸ்பீக்கர்ல போடு. லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

— அடிக்குது பாய். இந்தாங்க.

— அலோ. அக்கா. நான் கையூம்.

— இன்னாடா இந்நேரத்துல? அஸ்கர் கேரியர் குடுத்தானா இல்லியா?

— குடுத்தான்.

— சால்னால உப்பு இல்லன்னு சொல்லப் போறியா? நேத்து காரம்னே. முந்தாநேத்து சோறு கொழஞ்சிட்ச்சின்னே. தெனம் ஒரு கொற. இந்த வயசுல எனக்கு இதெல்லாம் வேணுமா?

— அத்த கேக்கல. ராத்திரி கஞ்சி வருமே, அத்த யாரு காச்சினது?

— எந்தக் கஞ்சி?

— அக்கா.

— யாருடா உன் பக்கத்துல?

— பியாரி பல்ல சொரண்டிகினு போச்சில்ல, அந்த ஆராய்ச்சிப் பொண்ணு. ரியான்னு. நல்ல பொண்ணு. சொல்லுக்கா. பியாரி தானே காச்சினா?

— சொல்லக் கூடாதுன்னு என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கிகினாடா. தெரிஞ்சா நீ பட்டினி கெடந்தே செத்துடுவேன்னா.

— சரி. கஞ்சி அவ காச்சினா. பகல் சோறு? அது நீ ஆக்கினது தானே?

— வுடேன்டா. இப்ப எதுக்கு அது?

— கேக்கறேன்ல. சொல்லு. இந்தப் பொண்ணுக்கு சரியா தெரியணும்.

— கையூமு, உனக்குன்னு நான் சோத்துக்கு ஒலை வெச்சதே அவள மண்ணுல வெச்சதுக்கு அப்பறம்தான்டா.