கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல், அவர்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், நாலாயிரம் பேரின் கண்ணீரைத் துடைத்தவன் நான். நீங்கள் நம்பமாட்டீர்கள், விசாரணை அதிகாரியும் லேசில் நம்பவில்லை.

மனநல ஆலோசகனாக இருந்தவரை எனக்கு எதிரே ஆள் இருந்தார். மேற்பார்வையாளனாக்கினார்கள்; எதிரே கண்ணாடி வந்தது. அந்தப் பக்கம் பயிற்சி ஆலோசகர் ஒருத்தி, வந்தவரிடம் பேசுவாள். நான் அவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு நான் தெரியமாட்டேன். அவள் காதில் ஒரு சின்னக் கருவி. ஆபத்து என்றால் மட்டும் மைக்கில் ஒரு சொல் சொல்லலாம் என்பது விதி. பசித்தவனைப் பரிமாறச் சொன்ன மாதிரி இருந்தது.

அவளை எல்லோரும் வாயாடி என்பார்கள். முதல் வாரமே, வந்தவர் போனபிறகு நான் யோசனை சொன்னதற்கு, "நீங்க சொல்றது சரியா வராது சார், அவர் இன்னும் அழுது முடிக்கலை" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அதனால்தான் ஆரம்பித்தேன். முதலில் ஒரு சொல். பிறகு முழு வாக்கியம். அவளாக எதைச் சொன்னாலும், "அப்படியா தோணுது?" என்று காதில் கேட்பேன். அவ்வளவுதான். இரண்டே வருடத்தில் மூச்சு விடுவதற்கும் என் குரலுக்குக் காத்திருந்தாள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். கொஞ்சம்தான்.

ஓய்வுபெறும் வாரம் ஓர் ஆசை வந்தது. நான் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மைக்கை அணைத்தேன். அன்று வந்திருந்தவர் மகனைப் பறிகொடுத்த தையல்காரர். "நாளையிலேர்ந்து நான் யாருக்கும் பாரமா இருக்கமாட்டேம்மா" என்றார். அவள் காதைத் தொட்டாள். காத்திருந்தாள். ஏழு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தேன். பொத்தான் என் விரலுக்கடியில்தான் இருந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கும் மறுநாள் கதவை உடைத்தார்கள்.

பழி அவள்மேல் விழுந்தது. இன்னும் பக்குவம் போதாது என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவள் தானாகவே வாய் மூடியிருந்தாள் என்று விசாரணை அறிக்கையில் வரப்போகிறது என்று கேட்டதும் பொறுக்கவில்லை. அந்த மௌனமும் என்னுடையது. விசாரணை அதிகாரியிடமே நேரே போய்ச் சொன்னேன்.

அதிகாரி சிரித்தார். "அந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பாக்குறீங்க சார். படிச்சவ, அவ்வளவு நேரம் வாயடைச்சு உக்காந்திருப்பாளா?"

அவளை உள்ளே கூப்பிட்டு, நான் சொல்வது நிஜமா என்று கேட்டார். அவள் கருவி இல்லாத காதைத் தொட்டபடி என்னைப் பார்த்தாள். இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும். நான் சும்மா இருந்தேன். சுவர்க் கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது நிமிடத்தில் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லுங்க சார்" என்றார். "நம்புறேன். நீங்க சொன்னது நடந்திருக்கு."