நாணலுக்குள் மூச்சு

மாலை ஆறரை மணி இருக்கும். அருங்காட்சியகத்தின் பின்வாசலில் தொடங்கி ஏரியை ஒட்டிப் போகும் சாலை. ஒரு பக்கம் பாசி பிடித்த மதில், மறுபக்கம் தண்ணீர். நடுவில் ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. வியாபாரியே கால் வைக்காத சாலை என்றால் அது எப்பேர்ப்பட்டது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதில்தான் தினமும் ஒருத்தி தனியாக நடந்து வீட்டுக்குப் போவாள்... தனியாக என்று நாம் நினைக்கிறோம்.

விளக்கை இன்னும் கொஞ்சம் தணியுங்கள். கிட்டே வாருங்கள்.

அவள் என் நண்பனுக்குச் சித்தி. நானும் சித்தி என்றே சொல்லிவிடுகிறேன், உறவு கொண்டாடக் கைக்காசா கரையப்போகிறது? பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவது அவள் வேலை. சினிமா இல்லை, சுவரில் மாட்டிய படம். ‘படக்காரக்கா’ என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சரித்திரத்தையும் காட்டையும் ஆற்றையும் பாடப்புத்தகம் மூட்டையாகத் தலையில் ஏற்றும். சித்தி அதையே பொட்டலம் பொட்டலமாகக் கொடுப்பாள், கொசுறும் சேர்த்து.

படத்தின் முன்னால் தரையில் உட்கார வைப்பாள். நன்றாகப் பார்க்கச் சொல்வாள். பிறகு கண்ணை மூடச் சொல்வாள்.

“இப்போ காதால பாருங்க. என்ன கேக்குது?”

அவளுக்குப் பிடித்தது ஓடத்துறைப் படம். பாலம் வராத காலத்து ஆறு. உப்பு மூட்டை ஏற்றிய ஓடம், அதில் ஓர் ஆடு. இக்கரையில் கொக்குகள், அக்கரையில் ஆளுயர நாணல். தண்ணீர் ஏன் செம்மண் நிறம்? மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. உப்பு ஏன் ஓடத்தில் போகிறது? வண்டி போக வழியில்லை. இப்படியே ஒரு படத்துக்குள் ஓர் ஊரையே நடத்திக் காட்டிவிடுவாள்.

“துடுப்பு சளக்குன்னு விழுதுக்கா.”

“ஆடு கத்துது.”

“என் வயிறு கத்துதுக்கா!”

சிரிப்பு. ஒருநாள் இப்படித்தான், ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடியபடியே இருந்தான்.

“நாணலுக்குள்ள யாரோ மூச்சு வாங்கறாங்க. கீ... கீ...ன்னு. விசில் மாதிரி.”

பக்கத்திலிருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். “ஆமாக்கா... தைல வாசனை வருது.”

சித்தி அன்று பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு ஒரே மகன். பிறந்ததிலிருந்து மூச்சிழுப்பு. பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்துவிடுவான். அம்மாவின் வேலை முடியும்வரை அந்தப் படத்தின் முன்னால்தான் இருப்பு, நெஞ்சில் தைலம் மணக்க. போன மழைக்காலத்தில் இழுப்பு முற்றியது. சித்தி மருந்துக்கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான்... அவள் அதோடுதான் வாழ்ந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு முறை அந்த மூச்சு காதில் விழுந்தால் போதும் அவளுக்கு.

மூடும் நேரத்தில் படத்தில் காதை வைத்துப் பார்த்தாள். வார்னிஷ் வாசனை. வேறொன்றும் இல்லை.

மீசைக்காரக் காவலாளி அதைப் பார்த்துவிட்டார். “ஏம்மா, படத்தைத் தொடாதேன்னு போர்டு வெச்சதே நீங்கதானே?” என்றவர், அவள் முகத்தைக் கண்டதும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அதன்பிறகு எந்தப் பள்ளி வந்தாலும் ஓடத்துறைதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டது. மூச்சு... தைலம்... சில நாள் மெல்லிய இருமல். அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கே சாப்பாடு கிடைக்காத கதை.

காப்பாட்சியர் கூப்பிட்டார். “மத்த படமெல்லாம் ஓசியில வந்ததாம்மா? ஒண்ணையே கட்டிக்கிட்டு அழறீங்க. சரி, அதுவும் கண்காட்சிக்கு வெளியூர் போகுது. திங்கக்கிழமை பெட்டியில போட்டு ஆணி அடிக்கறோம்.”

பெட்டி. ஆணி. இருட்டு. இழுப்புக்காரப் பிள்ளை.

சித்திக்கு அன்று தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில், முன்பல் விழுந்த ஒரு சிறுமியின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“கேக்குதா கண்ணு?”

“கேக்குது.”

“அவன்கிட்ட சொல்லு... அம்மா இங்கதான் இருக்கேன். வந்துடச் சொல்லு.”

சிறுமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கொஞ்ச நேரம் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“இப்போ தண்ணிச் சத்தம்தான் இருக்கு” என்றான் பின்வரிசைப் பையன்.

சிறுமி கண்ணைத் திறந்தாள். “வந்துட்டான்க்கா.”

சித்தி எழுந்து இரண்டு கையையும் விரித்தாள். வெறும் காற்று.

“அங்க இல்லக்கா. இந்தப் பக்கம்.”

திரும்பினாள்.

“இப்போ அந்தப் பக்கம் போயிட்டான். உங்களைத்தான் கூப்பிடறான். ஏன்க்கா பேச மாட்டேங்கறீங்க?”

“பேசறேன்டா... பேசறேன்டா தங்கம்...” எந்தத் திசையைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். பேருந்து வந்துவிட்டது என்று வகுப்பு டீச்சர் கைதட்டினார். பிள்ளைகள் போய்விட்டார்கள்.

படம் பெட்டிக்குள் போனது. ஆனால் கடைத்தெரு வழியாகச் சித்தியால் வீட்டுக்குப் போக முடியவில்லை. எதிரே வரும் குழந்தையெல்லாம் நின்றது. “ஆன்ட்டி, உங்க பின்னாடி ஒரு அண்ணன் அழுதுக்கிட்டே வர்றான்.” ஒன்றல்ல, தெரு முழுக்க. அதனால்தான் இந்த ஏரிச்சாலை. குழந்தை நடமாட்டமே இல்லாத சாலை. நடந்துகொண்டே சத்தமாகப் பேசுவாள். ஓடம், உப்பு, கொக்கு, அன்றைய சமையல், எல்லாம். காது கேட்காதவள் பேசுவது போல. அவனுக்கு அது போய்ச் சேர்கிறதா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஒருநாள் சைக்கிளில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண் அந்த வழியாக வந்தாள். சித்தியே ஓடிப்போய் நிறுத்தினாள்.

“அழறானா?”

அந்தப் பெண் விரலை உதட்டில் வைத்தாள். “உஷ்... தூங்கறான். உங்க தோள்ல.”

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் என் நண்பன் அவளோடு அந்தச் சாலையில் நடந்து வந்திருக்கிறான். சித்தி ஒரு வார்த்தை பேசவில்லையாம். இவன் வாயைத் திறந்தாலும் “மெல்ல...” என்றாளாம். பாதி வழியில் நின்றாள். கைப்பையை இவனிடம் கொடுத்தாள். இடது தோளிலிருந்து ஒன்றுமில்லாததை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி, கழுத்தைத் தாங்கி, வலது தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பாவம், மனசு பேதலித்துவிட்டது என்றுதான் அவன் நினைத்தான்.

அப்புறம் பார்த்தான்... அவளுடைய வலது தோளில், புடவைத் தலைப்பின் ஒரு சின்ன இடம் மட்டும் மேலே எழும்பியது. அடங்கியது. மறுபடி எழும்பியது. காற்றே இல்லை. அந்த மூச்சில் இழுப்பு இல்லை, சீராக இருந்ததாம்.