ரூபி எறங்குற மாசம்

அது தப்புங்க, தம்பி. பெருந்தப்பு. நீங்க ஒருத்தரு சொன்னாப் பரவாயில்ல. காமிக்ஸு புத்தகத்துக்கு மாசாமாசம் கடுதாசி போடுறவுக, காலேசு படிச்சவுக, அச்சடிக்கிற கம்பெனிக்காரவுக உட்பட அம்புட்டுப் பேரும் இதைத்தான் சொல்றாக. கேப்டன் ககன் தங்கூட வந்தவுகளை நடுவழியில விட்டுட்டுப் போற ஆளுன்னு. இருபது வருசமா இப்படி ஒரு அபாண்டம் இந்த நாட்டுல உலாத்துது, தட்டிக் கேக்க ஆளில்ல. நான் அருப்புக்கோட்டை கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தா. ஆதாரமில்லாம வாயைத் தொறக்க மாட்டேன். எந்த இதழை வேணாலும் எடுத்துப் பாருங்க. ககன் ஒருத்தரையும் விட்டுட்டுப் போனதில்ல. லீனா எறங்கிப் போறா. பார்க்கர் கிழவரு எறங்கிப் போறாரு. ககன் அதே ஆகாசக் கப்பல்ல, அதே நாற்காலியில உக்காந்திருக்காரு. இப்ப நீங்களே சொல்லுங்க, யாரு யாரை விட்டுட்டுப் போனது?

உக்காருங்க. அந்தக் கட்டில்லயே உக்காருங்க, ஒண்ணும் செய்யாது. மதுரையில இருந்து இந்த வெயில்ல திருச்சுழி வரைக்கும் பஸ்ஸுல நசுங்கி வந்திருக்கீக, வந்ததும் வராததுமாப் புத்தகக் கட்டைப் பிரிக்கணும்ங்கறீக. பிரிப்போம். எங்க போயிரப் போகுது. அந்தா மூலையில சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கேன் பாருங்க, அதுதான்.

இல்லல்ல, விக்கிறதுல மாத்தமில்ல. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வெளம்பரம் குடுத்ததே நாந்தான. ககன் காமிக்ஸு, மொத இதழ்ல இருந்து முழு செட்டு, பூச்சி அரிக்காதது. முழு செட்டுன்னு எழுதுனதுல மட்டும் ஒரு சின்னச் சட்டச் சிக்கலு இருக்கு. அதுக்கு வாரேன்.

செட்டு என்னோடது இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரி தங்கத்தாயோடது. பந்தல்குடிக்காரி. அவுக அப்பாவுக்குத் தூத்துக்குடி ரோட்டு மேல டீக்கடை. லாரிக்காரவுக படிச்சிட்டுப் போட்டுட்டுப் போற காமிக்ஸு பூராம் இவளுக்குத்தான். எண்பத்தி மூணுல எங்க கல்யாணம். சீரு எறக்குறப்ப ஒரு அண்டாவை நாலு பேரு சேந்து அசைக்க முடியல. எங்க சித்தப்பா, பொண்ணு வீட்டுல வெங்கலத்தைக் கொட்டிட்டாகடான்னு வாயெல்லாம் பல்லா மூடியைத் தொறந்தாரு. உள்ள பூராம் ககன். அன்னைக்கு அவரு மொகத்தை நீங்க பாத்திருக்கணும்.

நானும் படிக்கிறவந்தான். ஆனா கனமான புத்தகமாப் படிக்கிற திமிரு. இந்தப் படக்கதையை எல்லாம் மனுசன் படிப்பானான்னு ஒருவாட்டி பொரட்டுனேன். மாட்டிக்கிட்டேன்.

நான் பொரட்டுனது லீனா எறங்குற இதழு. ஆமா, அந்தத் தண்ணிக் கிரகம். லீனா அங்கனயே ஒருத்தனைக் கட்டிக்கிட்டுத் தங்கிர்றால்ல, அது. கப்பல் வாசல்ல நின்னு இவரையே பாத்துக்கிட்டு இருக்கா. இவரு விசையில கையை வச்சுக்கிட்டு, கதவு மூடப்போகுதுங்கறாரு. அம்புட்டுத்தான். நல்லாருன்னு ஒரு வார்த்தை உண்டா, தலையைத் திருப்பி ஒரு பார்வை உண்டா. அடுத்த கட்டத்துல கப்பலு நட்சத்திரத்துக்கு ஊடால போகுது. தங்கத்தாய் புத்தகத்தை மூடி வச்சிட்டு, கல்லுங்க இந்த ஆளுன்னா. நான் சும்மா இருந்திருக்கலாம். அப்படி ஒரேயடியாச் சொல்லிர முடியாதுன்னேன்.

அன்னைக்குத் தொடங்குன வழக்கு. கல்யாணம் ஆன வருசத்துல இருந்து நடந்துச்சு. அவ வாதி. ககன் பிரதிவாதி. அவருக்கு வக்கீலு நானு, பீசு கெடையாது. சோறு போடுறப்ப ஒரு வாய்தா, துணி மடிக்கிறப்ப ஒரு வாய்தா. பார்க்கருக்குக் கண்ணு மங்கிப்போயி எறங்குறாருல்ல, அப்ப ககன் என்ன சொல்றாரு? படியில பாத்து எறங்குங்க. நான் விடுவனா. பாத்தியா, எம்புட்டு அக்கறைன்னேன். அதை நம்ம பஸ்ஸு கண்டக்டரும்தான் சொல்றாருன்னுட்டா.

சிரிக்காதீங்க.

அவளுக்கு இதுல கோவம் வாரதுக்குக் காரணம் இருக்கு. அவ வழியனுப்புறவ. இந்த வீட்டுக்கு உப்பு விக்க வந்த ஆளா இருந்தாக்கூடத் தெருமுக்கு வரைக்கும் கூடப் போவா. சொந்தக்காரவுக வந்தா பஸ்ஸு ஏத்தி விட்டு, சன்னலைப் புடிச்சுக்கிட்டு, வீட்டுலயே பேசி முடிச்ச பேச்சைத் திரும்ப மொதல்ல இருந்து பேசுவா. டிரைவரு ஆரன் அடிச்சா அவருகிட்டயும் ரெண்டு பேச்சு. பஸ்ஸு கண்ணுக்கு மறையிற வரைக்கும் நிப்பா. மறைஞ்ச பெறகும் செத்த நேரம் நிப்பா. புழுதியைப் பாத்துக்கிட்டு.

நான் காலையில கோர்ட்டுக்குப் போறப்பவும் வாசல்ல வந்து நிப்பா. நான் பையை எடுத்துக்கிட்டு நேராப் போயிருவேன். கோர்ட்டுக்குப் போற மனுசன் தெருவுல நின்னு டாட்டாவா காட்டுவான்? ஒருவாட்டி சொன்னா, ககனுக்கு நீங்க எதுக்கு வக்காலத்து வாங்குறீகன்னு எனக்குத் தெரியும்னு. அந்த வாதம் வழக்குக்குச் சம்பந்தமில்லாததுன்னு நான் ஆட்சேபணை பண்ணிட்டேன்.

பெறகு ஒரு பாயிண்டைப் புடிச்சேன். சாவு வீட்டுக்குப் போறோம். மாலையைப் போடுறோம், கூட இருக்கோம், கெளம்புறப்ப வாரேன்னு சொல்லுவமா? சொல்லக் கூடாது. எந்திரிச்சுத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுப் பேசாமப் போயிருவோம். அதுக்காக நமக்கு மனசு இல்லன்னு அர்த்தமா? ககனுக்கு ஒவ்வொரு தடவையும் அது சாவு வீடு, அதான் பேசலைன்னேன். சொல்லும்போதே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அவ வெண்டிக்காய் அரிஞ்சுக்கிட்டு இருந்தா. நிமிரவே இல்ல. சாவு வீட்டுல செத்தவுக காதுல விழாது, அதனால சொல்லல. இவுக உசுரோடல்ல எறங்குறாக. ஒரு வார்த்தை காதுல விழுந்தா என்ன கொறஞ்சா போகும்னா.

அப்புறம் அந்தத் தட்டு. நீங்க கவனிச்சீகளா? பார்க்கர் போனதுக்கு மறு மாசத்து இதழு, கீழ் மூலையில தம்மாத்தூண்டு கட்டம். ககனும் கப்பல்ல மிச்சமிருக்கிற ரூபியும் சாப்பிட உக்காருறாக. ககன் மூணு தட்டு எடுத்து வைக்கிறாரு. அடுத்த கட்டத்துல ரெண்டுதான் இருக்கு. வசனமே கெடையாது. பாக்கலையா? யாருமே பாக்கல தம்பி. படம் போட்டவரு பாத்திருக்காரு, நான் பாத்தேன். அடுப்படிக்கு ஓடிப்போயி அவகிட்டக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தா. வெரலை அந்தக் கட்டத்து மேல வச்சுக்கிட்டே இருந்தா. சரி, கேசு நம்ம பக்கம்னு நெனைச்சேன். அப்பச் சொன்னா, இதை நான் பாத்து என்ன செய்ய, அந்தக் கிழவருல்ல பாத்திருக்கணும்.

இதுக்கு அப்பீலு உண்டா, சொல்லுங்க.

பெறகு ரூபி. ரூபி மத்தவுக மாதிரி இல்ல, ஒங்களுக்கே தெரியும். தங்கத்தாய் அண்டாவோட இந்த வீட்டுக்கு வந்த வருசந்தான் ரூபியும் கப்பல்ல ஏறுனா. ககன் ஒரு பேச்சுப் பேசுனா அவ ரெண்டு பேசுவா. இந்த வீட்டுலயும் அதே கதைதான். போன ஐப்பசி இதழ்ல, அடுத்த இதழில் ரூபி விடைபெறுகிறாள்னு பெருசா அறிவிப்புப் போட்டாக. போட்டுட்டுக் கம்பெனிக்காரவுக கப்புன்னு அமுங்கிட்டாக. கார்த்திகையில வரல, மார்கழியில வரல. பேப்பர் தட்டுப்பாடாம்.

அதே நேரம் பாத்து தங்கத்தாய்க்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு. மதுரையில காட்டுனோம். ஆபரேசன் பண்றதுக்கில்ல, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாக. நீங்க உக்காந்திருக்கிறது அவ கட்டிலுதான். எந்திரிக்காதீங்க. உக்காருங்க, தம்பி.

தெனம் கோர்ட்டு விட்டதும் பஸ் ஸ்டாண்டுல ரத்தினம் கடைக்குப் போவேன். புத்தகக் கடை. என் தலையைப் பாத்ததுமே, வரல அண்ணாச்சிம்பாரு. வெறுங்கையோட வந்து படியேறுவேன். உள்ள இருந்து சத்தம் வரும், ரூபி எறங்கிட்டாளா? இன்னும் இல்லைம்பேன். அப்பச் சரி, இன்னும் கப்பல்லதான் இருக்காம்பா. சத்தம் நாளுக்கு நாளு சின்னதாகிக்கிட்டே வந்துச்சு, ஆனா கேக்காம இருந்ததில்ல. ஒரு நாளு கேட்டா, இந்தத் தடவையாச்சும் அந்த ஆளு ஒரு வார்த்தை சொல்லுவாரா? சொல்லுவாருன்னேன். எதை வச்சுச் சொல்றீகன்னா. ஆதாரமில்லாம நான் பேசுனது அது ஒண்ணுதான்.

மாசியில வந்துச்சு. அன்னைக்கு நான் கோர்ட்டுக்கும் போகல, கடைப்பக்கமும் போகல. ரத்தினம் பாத்துட்டு, வீரசோழன் பஸ்ஸு கண்டக்டருகிட்டக் குடுத்து விட்டிருக்காரு. அந்தக் கண்டக்டரு வாயாடி மனுசன். பஸ்ஸை நிப்பாட்டிட்டு, அண்ணாச்சி ஒங்க ககன் வந்துட்டாருன்னு தெருமுக்குலயே சத்தம் போட்டுக்கிட்டுத்தான் வந்தாரு. நம்ம வாசல்ல வரிசையாச் சேரு போட்டு ஆளுக உக்காந்திருந்தாக. பாத்தாரு. புத்தகத்தை எங்கையில குடுத்தாரு. திரும்பி நடந்து போயி விசில் அடிச்சாரு.

ம். ஆமா.

அந்தப் புத்தகம் எப்படி வரும்னு ஒங்களுக்குத் தெரியும்ல. ஓரம் வெட்டாம, பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மடிஞ்சு மூடுனாப்பல வரும். அதை வெட்டுறது அவ வேலை. மரஸ்கேலு வச்சு, பிசிறு இல்லாம. நான் தொட்டாக் கிழிச்சிருவேன்னு குடுக்கவே மாட்டா. நான் பக்கத்துல உக்காந்து, சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்திக்கிட்டு இருப்பேன். வேணுக்குன்னே மெதுவா வெட்டுவா.

நம்ம பக்கம் கடைசியா அனுப்புறப்ப, வெத்தலை போடுறவுகளுக்கு வெத்தலைப் பையைக் கூட வச்சு விடுவாக. பொடி போடுறவுகளுக்குப் பொடி டப்பா. நான் அந்தப் புத்தகத்தை வச்சேன். மேல மரஸ்கேலையும் வச்சேன். எங்க மச்சினன் சீனிச்சாமி பதறிப்போயி, அத்தான், ஏதும் சொத்துப் பத்திரமா, பாத்து வையிங்கன்னான். இல்லடா, தீர்ப்புன்னேன். அவனுக்கு என்னத்தைப் புரியும், அழுதுக்கிட்டே தலையை ஆட்டுனான்.

அதான் தம்பி சிக்கலு. முழு செட்டு இல்ல. கடைசி ஒண்ணு கொறையும். வெளம்பரத்துல தப்பாச் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க.

இல்ல, நான் படிக்கல. வெட்டாத புத்தகத்துல எங்கிட்டுப் படிக்கிறது.

என்னது? ஒங்ககிட்ட ரெண்டு பிரதி இருக்கா. தபால்ல அனுப்புறீகளா. வேணாம். இல்ல தம்பி, நெசமாத்தான் சொல்றேன், வேணாம். என்ன நடக்குதுன்னு வாயிலயும் சொல்லிராதீங்க. ககன் பேசியிருந்தா அதை அவகிட்டக் கொண்டு போயிச் சொல்ல முடியாது. பேசலைன்னா அவ செயிச்சதையும் சொல்ல முடியாது. வாதி இல்லாத வழக்கு, கட்டைக் கட்டி ரிக்கார்டு ரூமுக்கு அனுப்புறதுதான் மொறை. அதுக்குத்தான் வெளம்பரம்.

அவ கடைசி நேரத்துலயா? நான் பக்கத்துலதான் இருந்தேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் அந்தா, அந்த ஃபேன் சுவிச்சுல கையை வச்சுக்கிட்டு, காத்து வருதான்னு கேட்டேன். அம்புட்டுத்தான்.

ஆரன் சத்தம் கேக்குது பாருங்க. அது அருப்புக்கோட்டை பஸ்ஸுதான், இதை விட்டா மதுரை போய்ச் சேர இருட்டிரும். கட்டு கனக்கும், சாக்கோட சேத்துத் தூக்குங்க.

ம்ஹும். சொல்லாதீங்க. வாரேன்னு சொல்லக் கூடாது. முப்பதாம் நாளு கும்பிடு வர்ற வெள்ளிக்கிழமைதான், அதுவரைக்கும் இது சாவு வீடு. சும்மா எந்திரிச்சுப் போங்க.

ஆமா. அப்படித்தான்.

அந்தக் கீழ்ப்படி பேந்து கெடக்கு. பாத்து எறங்குங்க.

தம்பி, கட்டை விட்டுட்டுப் போறீக.