ஆறாம் அறையைத் திறக்கச் சொன்ன வரி

கூப்பிடும் பெயர் பூனை, வயது பதினேழு, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் அம்மாவோடும் தாய்மாமாவோடும் குடியிருப்பவள், விசாரணையில் கூறியதாவது:

மருந்துகள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் மாமாவுக்கு உதவியாக வேலை செய்கிறேன். அங்கே அறைக் கதவுகளைக் கம்ப்யூட்டரில் கட்டளை தட்டித்தான் பூட்டவும் திறக்கவும் முடியும். தட்டியதெல்லாம் தேதியோடு வரிவரியாக அதில் தங்கும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் கடைசி வரி முதலில் வரும். தப்பாகிவிடும் என்ற பயத்தில் நான் புதிதாக எதையும் தட்டுவதில்லை. மாமாவின் பழைய வரியைத் தேடி எடுத்து என்டர் மட்டும் அழுத்துவேன். அவர் கட்டளைக்கும் அறை எண்ணுக்கும் நடுவில் இரண்டு இடைவெளி விடுவார். அதனால் என் வரிகளிலும் அப்படியே இருக்கும்.

திங்கட்கிழமை நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அன்று வேலைக்குப் போன மாமா திரும்பவில்லை. மறுநாள் நான் போனபோது அவருடைய ஸ்வெட்டர் நாற்காலியில் கிடந்தது. "உங்க மாமா சொல்லாம கொள்ளாம கம்பி நீட்டிட்டான். அவன் சீட்ல நீ உக்காரு" என்றார் முதலாளி.

அதன் பிறகு நேற்று, இரண்டாம் அறையைப் பூட்டிவிட்டு மேல் அம்புக்குறியை அழுத்தியபோது 'திற  6' என்று வந்தது. நடுவில் இரண்டு இடைவெளி. நான் அதை எடுக்கவில்லை, பக்கத்தில் வேறு யாரும் இல்லை, கதவு திறந்த சத்தமும் கேட்கவில்லை. ஆறாம் அறையின் குளிரூட்டும் மெஷின் கெட்டுவிட்டது, யாரும் போகக் கூடாது என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். கிடங்கில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினேன். "பேய்க்கு டைப்பிங் யாரு சொல்லிக் குடுத்தா? தூக்கத்துல நீயே அமுக்கியிருப்ப, பூனை" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் போனதும் பார்த்தேன். அதன் கீழே அதே வரி இன்னொன்று சேர்ந்திருந்தது.

அதன் பிறகு ஆறு என்ற எண்ணை வைத்துப் பழைய வரிகளைத் தேடினேன். திங்கட்கிழமை வரிகளில் 'பூட்டு 6' இருந்தது. அதில் ஒரே இடைவெளி. அது மாமா தட்டியதும் அல்ல, நான் எடுத்ததும் அல்ல.

இன்று காலை அதை முதலாளியிடம் காட்டினேன். "எல்லாம் குப்பை. மொத்தத்தையும் அழி" என்றார். மாமா ஒருநாளும் எதையும் அழித்ததில்லை, அதனால் எவ்வளவு தேடியும் அழிக்கும் கட்டளை எனக்குக் கிடைக்கவில்லை. என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, முதலாளி ஒற்றை விரலால் தானே தட்டினார். வரிகள் எதுவும் மிஞ்சவில்லை. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றார். நான் நின்றபடியே மேல் அம்புக்குறியை அழுத்தினேன். 'திற  6' வந்தது.

"தொடாத புள்ள!" என்று கத்தினார். நான் என்டரை அழுத்தினேன். நடைக்கோடியில் பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. முதலாளி வாசல் பக்கம் ஓடினார்.

அதன் பிறகு நானும் எலக்ட்ரீஷியன் அண்ணனும் போனோம். கெட்டுப்போனதாகச் சொன்ன மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தேதி மாற்றி ஒட்டிய மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில், கதவோரமாக மாமா உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமையே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

நேற்றும் இன்றும் வந்த வரிகளைத் தட்டியது யார் என்று அதிகாரி கேட்கிறார். நான் தட்டவில்லை. மாமாவின் கைகள் மடியில் இருந்தன. விரல்கள் எல்லாம் வளைந்து, கீபோர்டு எழுத்துகளின் மேல் வைத்தது போல் விறைத்திருந்தன.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் பொய் எதுவும் இல்லை.

(கையொப்பம்)
பூனை