கண்ணில் விட்ட சொட்டு

தருமபுரியிலிருந்து நல்லம்பள்ளி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவரின் பேச்சு என் காதை இழுத்தது.

“கண்ணுல ஊத்துன சொட்டு நெஞ்ச அமுக்கிடுச்சுங்க அக்கா.”

“கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். கண்ணுல பிரஷருன்னு அந்தச் சொட்டு குடுத்தாங்க. அப்பறம் ஒரே வீசிங், நாடியும் கம்மி. வூட்டுல இருந்து காட்டுல வேல செய்யற வூட்டுக்காரர கூப்பிடக்கூட மூச்சு பத்தல. நெஞ்சு டாக்டரம்மாகிட்ட மாத்திரையெல்லாம் காட்டுனேன், சொட்ட காட்டல.”

“அப்பறம் எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கு வேள தவறக்கூடாது. நேரமாச்சுன்னு அந்தம்மா எதிர்லயே அண்ணாந்து ஊத்திக்கிட்டேன். பாட்டில வெடுக்குனு வாங்கிப் பாத்துட்டு, ‘இது ரத்தத்துல கலந்து நெஞ்சுக்கும் போகும், இதாம்மா காரணம்’னாங்க. கண் டாக்டருக்கு அவங்களே போன் போட்டு வேற சொட்டு மாத்த வெச்சாங்க. மகராசி, நல்லா இருக்கணும்.”

“கண்ணு?”

“பிரஷர் ஏறாம இருக்குதுங்க.”

நல்லம்பள்ளியில் இறங்கிய ஜன்னலோரப் பெண், சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்ற கணவரை “ஏங்க!” என்று கூப்பிட்டார். அந்தச் சத்தத்தில், கிளம்பிய பஸ்ஸை டிரைவர் பதறிப்போய் நிறுத்தினார்.